பட்டம் பேரான கதை

கோவை ஆர்.எஸ். புரத்தில் டி.பி. ரோடு எங்கே என்று கேட்டால் வழி சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. டி.பி. என்றால் என்ன என்று கேட்டால்தான் தயங்குவார்கள். யாரோ ஒரு பெரிய மனிதரின் இனிஷியல் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஆள்பெயரே அல்ல. திவான் பகதூர் என்ற பட்டத்தின் சுருக்கம் அது. கொஞ்ச தூரம் நடந்தால் சர் சண்முகம் ரோடு. பேட்டையின் பெயரோ, நகராட்சித் தலைவராக இருந்து சிறுவாணித் தண்ணீர் ஊருக்கு வரப் பாடுபட்ட திவான் பகதூர் சி.எஸ். ரத்தினசபாபதி முதலியாரின் பெயர்.

இந்தச் சிறு வட்டாரத்துக்குள் மூன்று விதமான பட்டங்கள் இருக்கின்றன. ‘சர்’ இங்கிலாந்திலிருந்து வந்தது. ‘திவான்’ பாரசீகச் சொல். முதலில் கணக்குப் பதிவேடு, பிறகு கணக்கு பார்க்கும் சபை, அதன் பிறகு அந்தச் சபையின் அதிகாரி என்று பொருள் நகர்ந்தது. (நம் வீட்டுக் கூடத்தில் போட்டிருக்கும் திவானும் இதே சொல்தான். சபையில் அதிகாரிகள் சாய்ந்து உட்கார்ந்த மெத்தை இருக்கைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.) ‘பகதூர்’ நடு ஆசியக் குதிரை வீரர்களின் சொல், மொகலாயர் வழியாக இந்தியாவுக்குள் வந்தது. ‘முதலியார்’ தமிழ், முதலில் நிற்பவர், படைக்கோ ஊருக்கோ தலைவர். மங்கோலியப் புல்வெளியில் பிறந்த சொல்லை, பாரசீக ஒட்டோடு, லண்டனில் இருந்த அரசரின் பெயரால், கோவை நகராட்சித் தலைவர் ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவர் பெயரின் கடைசியில் ஏற்கெனவே ஒரு பழைய பட்டம் இருந்தது. அதை யாரும் பட்டமாக நினைக்கவில்லை. அது சாதிப் பெயராகிவிட்டிருந்தது.

இந்தக் கட்டுரையின் கேள்வி இதுதான்: ஒரு வேலையின் பெயர் எப்படிப் பட்டமாகிறது, பட்டம் எப்படிப் பேராகிறது? இங்கிலாந்தின் ‘சர்’ பட்டத்தையும் கொங்கு நாட்டின் ‘கவுண்டர்’, ‘பட்டக்காரர்’, ‘மன்றாடியார்’ ஆகியவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விடை கொஞ்சம் துலங்குகிறது.

முதலில் சர். லத்தீனில் ‘செனியோர்’ என்றால் வயதில் மூத்தவர். அது பழைய பிரெஞ்சில் ‘சயர்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘சர்’ என்று தேய்ந்தது. நம் ‘பெரியவர்’ எப்படியோ அப்படி. நைட் என்னும் படைவீரர் தகுதி பெற்றவரை அழைக்கும் அடைமொழியாக அது நிலைத்தது. ஆகவே சர் என்பது விளி. உண்மையான பட்டம் நைட். அந்தச் சொல்லின் பூர்வீகம்தான் வேடிக்கையானது. நார்மானியர் 1066இல் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன் பேசப்பட்ட பழைய ஆங்கிலத்தில் ‘க்னிஹ்ட்’ என்றால் பையன், வேலைக்காரப் பையன். ஜெர்மன் மொழியில் இதே சொல் இன்றும் பண்ணையாள் என்ற பொருளில்தான் நிற்கிறது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இந்தப் பதவிக்குரிய சொற்களில் குதிரை இருக்கிறது. குதிரையேறிப் போர் செய்பவன் என்று அர்த்தம் சொல்லும். ஆங்கிலத்தில் மட்டும் குதிரையும் இல்லை, வாளும் இல்லை. தலைவனின் வீட்டில் வளர்ந்த பையன், தலைவனுக்காகச் சண்டைக்குப் போனவன், அதற்குக் கூலியாக நிலம் பெற்றவன், அவ்வளவுதான்.

தமிழ் வாசகருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம்மிடம் ‘பிள்ளை’ இருக்கிறது. மகன், சிறுவன் என்று பொருள் தரும் சொல், அரசனுக்கு நெருக்கமான அதிகாரியின் சிறப்புப் பெயராகி, பிறகு கணக்குப்பிள்ளையாகி, கடைசியில் சில சாதிகளின் பெயரொட்டானது. அரண்மனைக்கு நெருங்கியவனைப் பிள்ளை என்று அழைப்பதில் உரிமையும் உண்டு, கீழ்ப்படுத்தலும் உண்டு. நைட்டின் பிறப்பும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

லார்டு பட்டத்தின் கதை இதைவிட நமக்கு நெருக்கமானது. ‘ஹ்லாஃப்’ என்றால் ரொட்டி, ‘வெயர்ட்’ என்றால் காவலர். ரொட்டியைக் காத்து வைத்திருந்து தன் ஆட்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பவன் லார்டு. லேடி என்பதன் மூலம் மாவு பிசைபவள். வீட்டுக்கூலிகளுக்கு வருஷக் கணக்கில் தானியம் கொடுத்த கொங்குப் பண்ணைகளில் முதலாளியைப் ‘படியளக்கிறவர்’ என்றார்கள். கடவுளையும் அதே சொல்லால் சொன்னார்கள். சோறு போடுகிற கையை வைத்து அதிகாரத்தை அளந்தவர்கள் இரண்டு ஊரிலும் உழவர்கள்தான். அந்த லார்டு நம் ஊருக்குக் கப்பலேறி வந்து, கவர்னரின் பட்டமாக இருந்து, தெருப் பேச்சில் ‘லார்டு லபக்குதாஸ்’ ஆனது தனிக்கதை. ஜம்பம் அடிப்பவனை நையாண்டி செய்ய இதைவிட நல்ல பெயர் தமிழுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

நைட்டின் வேலை நாளடைவில் இல்லாமல் போனது. ஆண்டுக்கு நாற்பது நாள் போர்ச்சேவை என்பது அவர் நிலத்துக்குரிய கடமை. பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே பலர் போருக்குப் போவதற்குப் பதிலாகக் கேடயப் பணம் என்ற வரியைக் கட்டிவிட்டு வீட்டில் இருந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் நிலைமை தலைகீழானது. நைட் ஆனால் செலவும் கடமையும் கூடும் என்று வசதியுள்ளவர்கள் பட்டத்தைத் தவிர்த்தார்கள். ஆண்டுக்கு 20 பவுண்டு வருமானம் வரும் நிலமுள்ளவர் நைட் ஆக வேண்டும், இல்லையேல் அபராதம் கட்ட வேண்டும் என்று அரசர்கள் ஆணையிட்டார்கள். பட்டம் வேண்டாம் என்றவனுக்கு அபராதம்! முதலாம் சார்லஸ் 1630 வாக்கில் இந்தப் பழைய சட்டத்தைத் தூசி தட்டி, பாராளுமன்றத்தைக் கேட்காமல் பணம் திரட்டினார்.

அவருடைய தந்தை முதலாம் ஜேம்ஸ் வெளிப்படையாகவே கடை திறந்தவர். 1611இல் பேரனெட் என்ற புதிய பட்டத்தை உண்டாக்கினார். வாரிசுக்கும் சேரும் பட்டம் அது. விலை 1,095 பவுண்டு. இந்தக் கணக்குக்கு ஒரு காரணம் உண்டு: அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் 30 சிப்பாய்களை நாளொன்றுக்கு எட்டு பென்ஸ் கூலியில் மூன்று ஆண்டு வைத்திருக்க ஆகும் செலவு சரியாக அவ்வளவு. போர்ச்சேவையிலிருந்து பிறந்த பட்டம், போர்ச்செலவுக்கான ரசீதாகிவிட்டது. பட்ட வியாபாரத்தைக் குற்றமாக்கும் சட்டம் பிரிட்டனில் 1925இல்தான் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பிரதமர் லாயிட் ஜார்ஜ் காலத்தில், விலைப்பட்டியல் வைத்தே பட்டங்கள் விற்கப்பட்டதாக ஊரே பேசியது.

இந்தியாவுக்கு வந்த பட்டங்கள் இந்தக் கடைசிக் காலத்தவை. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியச் சீமான்களைத் தன்னோடு கட்டிவைக்க விரும்பிய ஆட்சி, 1861இல் இந்திய நட்சத்திர வரிசையையும் 1878இல் இந்தியப் பேரரசு வரிசையையும் தொடங்கியது. இந்த இரண்டாவது வரிசையில் நைட் கமாண்டர் ஆனவர் பெயருக்குப் பின்னால் கே.சி.ஐ.இ. என்றும் முன்னால் சர் என்றும் போட்டுக்கொள்வார். அதற்குக் கீழே ஒரு நீண்ட படிக்கட்டு: ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர், முஸ்லிம்களுக்கு கான் சாகிப், கான் பகதூர். மொகலாயரின் பட்டங்களை எடுத்து, மதவாரியாகப் பிரித்து, ஏறுவரிசையில் அடுக்கியது ஆங்கிலேயரின் கைங்கரியம். புத்தாண்டிலும் அரசரின் பிறந்தநாளிலும் பட்டியல் வரும். நகராட்சித் தலைமை, ஜில்லா போர்டு, போர் நிதி, ஆஸ்பத்திரிக்கு நன்கொடை என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு வழி இருந்தது.

கோவை இந்தப் படிக்கட்டில் நன்றாகவே ஏறியது. 1862இல் பள்ளியையும் 1888இல் நூற்பாலையையும் தொடங்கி, ஊரின் ஆலைத் தொழிலுக்கு வழி போட்ட ராபர்ட் ஸ்டேன்ஸ் சர் ஆனார். 1887இல் கோயமுத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதிய பிரெடரிக் நிக்கல்சனும் பின்னாளில் சர். அவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது கையேட்டுக்காக அல்ல என்றாலும், அவர் எழுதியவற்றுள் கொங்கு ஆராய்ச்சியாளர்கள் இன்றும் புரட்டுவது அதைத்தான். கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு அடிப்படையான அவருடைய அறிக்கை 1895 முதல் 1897 வரையிலான ஆண்டுகளில் வந்தது.

கோவை மண்ணிலேயே பிறந்தவர்களில் அந்தப் பட்டத்தால் அறியப்பட்டவர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1892இல் பிறந்தவர், நீதிக்கட்சிக்காரர், 1932இல் ஒட்டாவா வணிக மாநாட்டுக்குப் போன இந்தியத் தூதுக்குழுவில் இருந்தவர், 1933இல் மத்தியச் சட்டசபையின் தலைவரானவர். கே.சி.ஐ.இ. கிடைத்ததும் அதே ஆண்டில்தான். அடுத்த ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளரிடம் தோற்றார். சர் என்ற முன்னொட்டு வாக்குப்பெட்டியில் செல்லுபடியாகாது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. ஆனால் பட்டம் அவரைத் தடுக்கவுமில்லை. 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தார். நாடு விடுதலை பெற்றதும் நேருவின் அமைச்சரவையில் முதல் நிதியமைச்சர். 1947 நவம்பர் 26 அன்று சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை வாசித்தவர் பெயருக்கு முன்னால் பிரிட்டிஷ் பேரரசின் பட்டம் இருந்தது என்பதை நம் பாடப்புத்தகங்கள் நாசூக்காகக் கடந்துபோய்விடுகின்றன. தமிழிசை இயக்கத்தில் முன்னின்றவர் அவர். சிலப்பதிகாரத்துக்கு உரை கண்டவரும்கூட. பட்டம் வாங்கியவர்களை எல்லாம் ஒரே தட்டில் வைத்து ‘வெள்ளைக்காரன் வால்’ என்று தள்ளிவிடும் பழக்கம் சோம்பேறித்தனம். அதேபோல, பட்டத்தை உதறியவர்களை மறப்பதும் நியாயமில்லை. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த எஸ். சுப்பிரமணிய அய்யர் தம் கே.சி.ஐ.இ.யையும் திவான் பகதூரையும் 1918இல் திருப்பிக் கொடுத்தார். தாகூர் தம் சர் பட்டத்தை உதறியது அதற்கு அடுத்த ஆண்டு.

இனி கொங்கின் சொந்தப் பட்டங்களுக்கு வருவோம். இங்கேதான் விஷயம் ஆழமாகிறது.

இன்று கவுண்டர் என்றால் சாதி என்றுதான் எவரும் புரிந்துகொள்வார்கள். இடைக்காலக் கொங்குக் கல்வெட்டுகளில் இந்தச் சொல்லின் பழைய வடிவம் ‘காமிண்டன்’. அது ஊருக்குத் தலைமை பூண்டவரின் பெயர். தானம் கொடுத்தவரை அடையாளப்படுத்தும்போது கொங்குக் கல்வெட்டு மிகவும் கறாராக இருக்கும்: வெள்ளாளன் என்று வகுப்பைச் சொல்லும், இன்ன குலத்தில் இன்னார் என்று குலத்தையும் ஆள்பெயரையும் சொல்லும். காமிண்டன் என்பது இந்த அடுக்கில் பிறப்பைச் சொல்லும் இடத்தில் வருவதில்லை. பொறுப்பைச் சொல்லும் இடத்தில் வருகிறது. வடக்கே கன்னட நாட்டில் கங்கர், ராஷ்டிரகூடர் காலத்துக் கல்வெட்டுகளில் ‘காவுண்ட’, ‘காமுண்ட’ என்று ஊர்த்தலைவர்கள் நூற்றுக்கணக்கில் தென்படுகிறார்கள். இன்றைய கௌடா அவர்களின் வாரிசுச் சொல். தலைக்காட்டுக் கங்கரின் கை கொங்கு வரை நீண்டிருந்த காலம் உண்டு. ஆகவே சொல் தெற்கே நடந்து வந்திருப்பதில் வியப்பில்லை. வடமொழிக் ‘கிராம’ என்பதிலிருந்து பிறந்தது என்பார் ஒருசாரார். காத்தல் தொழில் செய்யும் மிண்டன், அதாவது வலியவன், என்று தமிழிலேயே பிரித்துக் காட்டுவார் இன்னொரு சாரார். முதல் கட்சிக்குச் சான்று கூடுதல் என்பது என் எண்ணம். எப்படிப் பார்த்தாலும் அது பதவியின் பெயர்.

சொல்லின் பரப்பும் இதையே காட்டுகிறது. கொங்கு வேளாளர் மட்டுமா கவுண்டர்? வேட்டுவக் கவுண்டர், ஊராளிக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், கன்னடம் பேசும் அனுப்பக் கவுண்டர், சேலம் தருமபுரிப் பக்கத்தில் வன்னியரில் கவுண்டர் என்று பல சமூகங்கள் இந்தப் பெயரைத் தாங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஊர்த்தலைமை வகித்தவர் இருந்தார். தலைமையின் பெயர் மெல்ல மெல்லக் கூட்டம் முழுவதற்கும் பரவியது. தலைவருக்குக் கொடுத்த மரியாதையை அவருடைய தம்பிக்கும், தம்பியின் மருமகனுக்கும், பிறகு அந்தத் தெருவில் பிறந்த எல்லாருக்கும் கொடுப்பது கிராமத்தில் இயல்பு. கூப்பிடுகிறவருக்கு அதில் நஷ்டமில்லை, கூப்பிடப்படுகிறவருக்கு லாபம்.

ஆனால் பதவியே மறைந்துவிடவில்லை. கவுண்டர் என்பது எல்லாருக்கும் பொதுவாகிவிட்ட பிறகு, உண்மையான பொறுப்பைச் சுட்ட அடைமொழி தேவைப்பட்டது. அப்படி வந்தவை ஊர்க்கவுண்டர், நாட்டுக்கவுண்டர். கொங்கு 24 நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஊரில் தீராத வழக்கு நாட்டுக்குப் போகும், அங்கும் தீராதது பட்டக்காரரிடம் போகும். பட்டம் உடையவர் பட்டக்காரர். காங்கயம் பகுதியில் 1960களில் தங்கிக் கள ஆய்வு செய்து, 1972இல் கொங்குச் சமூகத்தைப் பற்றிப் புத்தகம் வெளியிட்ட மானிடவியலாளர் பிரெண்டா பெக் இந்த அடுக்கை விரிவாக எழுதியிருக்கிறார். பழையகோட்டை, காடையூர், சங்கரண்டாம்பாளையம், புதூர் ஆகியவை பட்டக்காரர் குடும்பங்களாகப் பேர் பெற்றவை. புதூர்ப் பட்டக்காரருக்குப் பல்லவராயர் என்றும் சங்கரண்டாம்பாளையத்தாருக்கு வேணாவுடையார் என்றும் சிறப்புப் பெயர்கள். கோயிலில் முதல் மரியாதை, கல்யாணங்களில் தனி இடம், வழக்குகளில் கடைசித் தீர்ப்பு என்று இவர்களின் அதிகாரம் சடங்காகவும் நீதியாகவும் இருந்தது. படை இல்லை, ஆனால் பல்லக்கு இருந்தது.

பல்லவராயர், காலிங்கராயர் போன்ற பெயர்கள் வேறொரு வகை. சோழர், பாண்டியர் தங்கள் அதிகாரிகளுக்குக் கொடுத்த பட்டங்கள் இவை; வென்ற நாட்டின் பெயரோடு அரையன் என்பதைச் சேர்ப்பார்கள். முதலாம் குலோத்துங்கனின் தளபதி மணவில் கூத்தனுக்கும் காலிங்கராயன் என்ற பட்டம் இருந்தது. கொங்கில் அதே பட்டம் பெற்ற ஒருவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவானியில் அணை கட்டி வெட்டிய வாய்க்கால் ஈரோட்டுப் பக்கம் இன்னும் பாய்ந்துகொண்டிருக்கிறது. ஊற்றுக்குளி ஜமீன் குடும்பம் அவர் வழியில் வந்ததாகச் சொல்லப்படும். வெட்டியவரின் சொந்தப் பெயரை விட்டுவிட்டுப் பட்டத்தையே வாய்க்காலுக்கும் வைத்துக்கொண்டார்கள். டி.பி. ரோட்டுக்கு அறுநூறு ஆண்டுக்கு மேல் மூத்த அண்ணன் இந்தக் காலிங்கராயன் வாய்க்கால். சோழர் கல்வெட்டுகளில் இத்தகைய பட்டப் பெயர்களை எல்லாம் எண்ணிக் கணக்கெடுத்த பெரிய வேலையை நொபோரு கராஷிமா, எ. சுப்பராயலு, மட்சுயி மூவரும் செய்து 1978இல் வெளியிட்டார்கள். ஒரு பட்டம் எந்தக் காலத்தில், எந்த வட்டாரத்தில், எத்தகைய ஆட்களிடம் புழங்கியது என்று பார்க்க அதுவே வழி. குலப்பெருமை நூல்களை நம்பி எழுதுகிறவர்கள் அந்தத் தொகுதியின் பக்கம் திரும்பிப் பார்த்தால் பல பக்கங்களை மிச்சப்படுத்தலாம்.

பழையகோட்டைப் பட்டக்காரரின் பட்டம் மன்றாடியார். நல்லதம்பி, நல்லசேனாபதி என்ற பெயர்களோடு சர்க்கரை மன்றாடியார் என்று அந்த வம்சத்தார் எழுதிக்கொள்வார்கள். 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் முழுப்பெயர் தீர்த்தகிரிச் சர்க்கரை உத்தமக் காமிண்ட மன்றாடியார் என்று கொங்கில் வழங்கும். ஒரே பெயருக்குள் காமிண்டனும் மன்றாடியாரும் அடுத்தடுத்து நிற்பதைக் கவனியுங்கள்.

மன்றாடியார் என்பதை மன்றில் அமர்ந்து வழக்குத் தீர்ப்பவர் என்று விளக்குவது வழக்கம். பொருத்தமான விளக்கம்தான். ஆனால் சோழர் கல்வெட்டுகளில் மன்றாடி என்றால் வேறு ஆள். கோயிலில் நந்தா விளக்கு எரிக்கத் தொண்ணூறு, தொண்ணூற்றாறு என்று ஆடுகளை ஒப்புக்கொண்டு நெய் அளக்கும் இடையர் அவர். மன்றம் என்றால் சபை மட்டுமல்ல. ஊர் மாடுகள் கூடி நிற்கும் வெளியும் மன்றம்தான். பழையகோட்டை மன்றாடியாருக்கும் விளக்காடு மேய்த்த மன்றாடிக்கும் தொடர்பு இருக்கிறதென்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் காங்கயம் மாட்டின் பெயரைச் சொன்னாலே பழையகோட்டைத் தொழுவம் நினைவுக்கு வருகிற ஊரில் இந்த ஒற்றுமையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகவும் முடியவில்லை. கிளுவை வேலி கட்டிய கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த அந்தப் பட்டிதான் இனத்தை இனமாக நிலைநிறுத்தியது. தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி 1936இல் லிட்டில்வுட் எழுதிய நூலும் பட்டக்காரரின் மாட்டுப் பட்டியை எடுத்துப் பேசுகிறது.

மாட்டுத்தொழுவத்திலிருந்து பட்டம் பிறக்குமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஐரோப்பாவில் பதில் இருக்கிறது. ஃபீல்டு மார்ஷல் என்ற உச்ச ராணுவப் பதவியில் உள்ள மார்ஷல், பழைய ஜெர்மானிய மொழிகளில் குதிரைக்காரப் பையன். கான்ஸ்டபிள், லாயத்தைக் கவனித்துக்கொண்ட அதிகாரி. அரசனின் குதிரை அந்தக் காலத்தில் அரசனின் ராணுவம். அதைப் பராமரித்தவன் கையில் ராணுவம் வந்து சேர்ந்தது. உழவர் நாடான கொங்கில் செல்வம் மாட்டில் இருந்தது. செல்வம் எங்கோ பதவி அங்கே.

இத்தனை பட்டங்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் இன்னும் வேலையாகவே இருப்பது எனக்கு நிறைவளிக்கிறது. கொங்கு வேளாளர் கல்யாணத்தில் சீர்களைச் செய்து தாலி கட்ட வைப்பவர் அருமைக்காரர், அருமைப் பெரியவர் என்றும் சொல்வார்கள். பணமோ நிலமோ இருந்தால் அந்தப் பெயர் வராது. அதற்குரிய சீரைச் செய்துகொண்டு, முறையைக் கற்றுக்கொண்டவருக்கே வரும். அவர் வரவில்லையென்றால் முகூர்த்தம் நிற்கும். நைட்டின் தோளில் வாளைத் தொட்டுப் பட்டம் கொடுத்தார்களே, அந்தச் சடங்கின் பழைய நேர்மை இங்கே மிச்சமிருக்கிறது: செய்யும் வேலை இருக்கும்வரை பெயர்.

மற்றவற்றின் கதி வேறு. ஆங்கிலேயர் 1871 முதல் நடத்திய குடிக்கணக்கெடுப்புகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு சாதிப் பெயர் வேண்டியிருந்தது. கேட்டபோது மக்கள் மரியாதைப் பெயரைச் சொன்னார்கள். அதிகாரி அதைச் சாதிக் கட்டத்தில் எழுதிக்கொண்டார். பத்திரம், பட்டா, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் அது ஏறியது. அந்தக் காகிதங்களோடு, ஊர்த்தலைமை என்ற வேலை அரசாங்க மணியகாரரிடம் போனது. பரம்பரைக் கிராம அதிகாரிகள் என்ற அந்த ஏற்பாட்டையும் 1980இல் தமிழக அரசு ஒழித்து, கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தது. வேலை போயிற்று, பெயர் நின்றது.

இங்கேதான் இங்கிலாந்தும் கொங்கும் பிரிகின்றன. சர் என்ற மரியாதை அங்கே கீழே இறங்கி எல்லாருக்கும் பொதுவானது. கடைக்காரர் வாடிக்கையாளரை அழைக்கிறார், மாணவர் ஆசிரியரை அழைக்கிறார். காந்திபுரத்தில் டவுன் பஸ் கண்டக்டர் ‘சார், சில்லறை கொடுங்க’ என்னும்போது அந்த லத்தீன் பெரியவர்தான் அவர் வாயில் இருக்கிறார். நைட் பட்டத்தை மகன் வாரிசாகப் பெற முடியாது. ஆகவே அது எந்தக் கூட்டத்துக்கும் சொந்தமாகவில்லை. இங்கே காமிண்டன் என்ற பொறுப்பு பிறப்புரிமையாக இறுகியது. ஊருக்காக உழைத்து எவரும் கவுண்டராக முடியாது. ஊரையே கெடுத்தாலும் கவுண்டராக இருப்பதை எவரும் தடுக்க முடியாது. மரியாதையின் மறுபக்கமும் அதே இறுக்கத்தோடு வந்தது. பண்ணையத்தில் வேலை செய்த சக்கிலியர் குடியின் முதியவரைச் சிறு பையனும் ஒருமையில் கூப்பிட்டான். அவர் அவனைச் ‘சாமி’ என்றார். குழந்தையிடம்கூட ‘வாங்க, போங்க’ என்று ‘ங்க’ சேர்த்துப் பேசும் கொங்குத் தமிழின் பேர்பெற்ற மரியாதை, அந்தக் குடியினரின் தெருவுக்குள் மட்டும் நெடுங்காலம் நுழையவில்லை. பழம்பெருமை எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுதினால்தான் அது வரலாறு.

இதை உடைக்க முன்னின்றவரும் கொங்குக்காரர்தான். ஈரோட்டு ஈ.வெ. ராமசாமி நாயக்கர் 1927 இறுதியில் தம் பெயரிலிருந்து நாயக்கரை எடுத்தார். நாயக்கர், நாயுடு இரண்டும் ‘நாயக’ என்ற தலைமைச் சொல்லின் கிளைகள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பெயரொட்டை எல்லாரும் விட வேண்டும் என்று தீர்மானித்தது. அரசு கொடுக்கும் பட்டங்களை 1950இல் அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு நிறுத்தியது; ராணுவத் தகுதிக்கும் கல்வித் தகுதிக்கும் மட்டும் விலக்கு. பிறப்பு கொடுக்கும் பட்டத்தை அந்தப் பிரிவு தொடவில்லை. அதைத் தொட்டது செங்கல்பட்டுத் தீர்மானம்தான். அதற்குச் சட்டத்தின் பலம் இருக்கவில்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் சாதி ஒட்டு மறைந்ததற்கு அதுவே தொடக்கம்.

2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்து தொழிலதிபர் ஜி.டி. நாயுடுவின் பெயரை வைத்தார்கள். தெருக்களிலும் குடியிருப்புகளிலும் உள்ள சாதிப் பெயர்களை நீக்கும் அரசாணையும் அதே நாட்களில் வந்ததால், பாலத்தில் மட்டும் நாயுடு இருக்கலாமா என்று சர்ச்சை எழுந்தது. இரண்டு தரப்பும் சூடாகப் பேசின. என் கட்சி இது: மறைந்தவர் தம் வாழ்நாளில் எந்தப் பெயரால் அறியப்பட்டாரோ அதை வெட்டுவது வரலாற்றுக்கு உதவாது, வாழ்கிறவர் தம் பெயரில் அதை இன்னும் சுமக்க வேண்டியதுமில்லை. தெருப்பலகையில் இருப்பது பழைய ஆவணம். கல்யாணப் பத்திரிகையில் இருப்பது இன்றைய உரிமைகோரல். இரண்டுக்கும் ஒரே கத்தரிக்கோல் எதற்கு?

காமிண்டன் சாதியல்ல, பொறுப்பு என்று சொல்லக் கல்வெட்டைத் தவிர வேறு வலுவான சாட்சி நம்மிடம் இல்லை. அந்தச் சாட்சி கொங்கு ஊர்க் கோயில்களின் அதிட்டானத்தில் இருக்கிறது. சுண்ணாம்புக்கும் பெயிண்டுக்கும் அடியில் இருக்கிறது. கும்பாபிஷேகத்துக்கு முன் கல்லைப் பளபளப்பாக்குகிறோம் என்று மணல் வீச்சு எந்திரத்தால் எழுத்தைத் தேய்த்த ஊர்கள் உண்டு. உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கப் போகிறதென்றால், கமிட்டிக் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து, எழுத்துள்ள கல் ஒவ்வொன்றையும் தொல்லியல் துறையைக் கொண்டு படியெடுத்த பிறகு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.